மயிலையின் வயிற்றில் அலை

மயிலைப் பசுவின் வயிறு பெருத்துக்கொண்டே போனது. சினைதான் என்று பாவாயி அதன் கொம்புகளுக்கு வளையல் மாட்டி வளைகாப்பே நடத்திவிட்டாள். மாட்டு டாக்டர் வந்து, அவள் புருஷன் செங்கோடனை மாட்டு வயிற்றின் ஒரு பக்கம் உள்ளங்கையை வைக்கச் சொல்லி மறுபக்கம் தட்டினார். கையில் அலை வந்து மோதியது. கடலே பார்த்திராத செங்கோடன் வேட்டி நனைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டான்.

"கன்னு இல்லைங்க, நீரு." டாக்டர் புடைத்திருந்த கழுத்து நரம்பைத் தொட்டார். "கம்பி எதையோ தின்னிருக்குது. அது இருதயத்தைக் குத்தி, வயித்துல நீர் கோத்திருச்சு. தேறறது சிரமம்."

மாட்டுப்பொங்கலுக்குப் பாவாயி காகிதப்பூக்களைக் கம்பியில் கோத்து மாலை போட்டதும், மயிலை அதை ருசித்துத் தின்றதும் செங்கோடனுக்கு நினைவு வந்தது.

மோர் எடுத்துவரப் போயிருந்த பாவாயி திரும்பினாள். "எதுனாலீங்க வந்துச்சு?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் செங்கோடன் முந்திக்கொண்டான். "கண்ணு பட்டிருச்சாமா. டாக்டரே சொல்லிட்டாரு."

டாக்டர் அவனைப் பார்த்தார். மோரை வாங்கிக்கொண்டார்.

"ஆமாங்கம்மா, பொல்லாத கண்ணு," என்றார்.