ராமலிங்கத்தின் மீன்கள்

முதலில் கெடுத்தது ராமலிங்கம்தான். புக்கிட் பாஞ்சாங்கில் அந்த அடுக்குமாடி புளோக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாணிக்கம் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டு தீபாவளிக்கு முன்னால் பலகாரத் தட்டோடு, பிளாஸ்டிக் பையில் நாலு தங்க மீன்களையும் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். ஒரே மாடி, பல வருடப் பழக்கம். நம்பித் தொட்டியில் விட்டார் மாணிக்கம்.

கொஞ்ச நாளில் எல்லா மீன் மேலும் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. தொட்டியே செத்து மிதந்தது. அவர் மனைவி பூவம்மா தேக்கா சந்தைக்குப் போய்த் திரும்பும்போது கடைசியாக வாங்கி வந்து விட்டிருந்த சிவப்பு மீன் ஒன்றுதான் தப்பியது. நோயில் கிடந்த பூவம்மா காலித் தொட்டியைப் பார்த்து அழுதாள். அடுத்த மாதம் அவளும் போய்விட்டாள்.

புளோக்குக்குக் கீழே பொதுத் தளத்தில் அவளைக் கிடத்தியிருந்தபோது ராமலிங்கம் மாலையோடு வந்தான். மாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சமாதானம் பேச வந்தவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “என் மீனாலதான் போச்சுன்னு அவன் வாயத் தொறந்து சொல்லட்டும். அப்புறம் பேசுறேன்.”

ராமலிங்கம் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இப்போது அவன் மகள் யாமினி ஒரு சின்னத் தொட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே மூன்று மீன்கள்.

“அங்கிள், அப்பாவ முதியோர் ஹோம்ல சேத்துட்டோம். ஸ்ட்ரோக் வந்ததுலேருந்து பேச்சு சுத்தமாப் போச்சு. டாக்டர் இனிமே வராதுன்னுட்டாங்க. அப்பா வீட்டையும் விக்கிறோம்.”

“அதுக்கு?”

“இந்த மீன போன்ல காட்டினாத்தான் கஞ்சி குடிக்கிறாரு. எங்க வீட்ல வைக்க எடம் இல்ல. உங்கள மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்க.”

“வாய் இருந்தப்ப வராதவன், இப்ப மீன அனுப்புறானா?”

“அவரு அனுப்பல. நானாத்தான் வந்தேன்.”

மாணிக்கம் இரும்புக் கதவைப் பிடித்தபடி நின்றார். மீன்கள் அவரைப் பார்த்தன.

“வச்சிட்டுப் போ.”

“இதே தொட்டியிலயே இருக்கட்டும், அங்கிள். உங்க பெரிய தொட்டியில விட்றாதீங்க.”

“ஏன், என் தொட்டி அவ்வளவு அழுக்கா?”

யாமினி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவள் போனதும் மாணிக்கம் பெரிய தொட்டியில் தனியாக இருந்த சிவப்பு மீனிடம் சொன்னார். “கேட்டியா? நம்மளோட ஒட்டக் கூடாதாம். வியாதி குடுத்தது யாரு, வாங்கினது யாரு?”

பட்டவர் அவர். சும்மா விடுவாரா? இரண்டு வாளி வாங்கினார். மூன்று நாளைக்கு ஒருமுறை மீன்களை ஒரு வாளியிலிருந்து மற்றதுக்கு மாற்றினார். மீனிலிருந்து கழன்று அடியில் விழும் பூச்சி, பெருகித் திரும்ப ஏறுவதற்குள் மீன் இடம் மாறிவிட வேண்டும். பழைய வாளியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். குனிந்து நிமிர்வதற்குள் முட்டி கழன்றது.

ஞாயிற்றுக்கிழமை படமெடுக்க வந்த யாமினி வாளிகளைப் பார்த்தாள்.

“எதுக்கு அங்கிள் இந்தக் கஷ்டம்? அந்தத் தொட்டியிலயே விட்டிருக்கலாம்லா.”

“உங்கப்பன் வீட்டு மீனு. நம்பி மோசம் போனது போதும்.”

அவள் போனை எடுத்து மீனைப் படமெடுத்தாள்.

மாற்றி மாற்றி விட்டும் ஒரு மீனிலும் ஒரு புள்ளி இல்லை. கையை நீட்டினால் மூன்றும் ஓடி வந்தன. மாணிக்கத்துக்கே அவற்றின் மேல் ஆசை வந்துவிட்டது. சிவப்பு மீனும் எத்தனை நாள்தான் தனியாகக் கிடக்கும் என்று ஒரு காலையில் மூன்றையும் பெரிய தொட்டியில் விட்டார்.

அடுத்த தடவை யாமினி வந்தபோது படமெடுக்க எதுவும் இல்லை. மூன்றும் வெள்ளை பூத்துச் செத்திருந்தன. சிவப்பு மீன் மட்டும் மேலே வந்து தீனி கேட்டது.

“பாத்தியா? உங்கப்பன் மீனு மறுபடியும் புத்தியக் காட்டிருச்சு.”

யாமினி தொட்டிக்கு முன்னால் குந்தினாள். “வாளியில இருந்தப்ப புள்ளி இருந்துச்சா, அங்கிள்?”

“இல்ல.”

“அப்ப எங்கேருந்து வந்துச்சு?”

மாணிக்கம் தொட்டியைப் பார்த்தார். தொட்டியில் இருந்தது ஒரே ஒரு மீன்.

“அன்னிக்கு உங்களுக்குக் குடுத்துட்டு மிச்சம் வச்சிருந்ததுதான் இந்த மூணும். அப்பா வீட்ல ஒண்ணுகூடச் சாகல,” என்றாள் யாமினி. “ஆன்ட்டி வாங்கின சிவப்பு மீனு கொண்டாந்த வியாதின்னு அப்பாவுக்கு அப்பவே தெரியும். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. ‘சாகக் கெடக்குறவ ஆசையா வாங்கின மீனு. தெரிஞ்சா அவ மனசு தாங்காது. அவனும் அத வச்சிருக்க மாட்டான். என்னையே திட்டிட்டுப் போகட்டும்’னாரு.”

மாணிக்கம் தீனி டப்பாவை மூடி வைத்தார்.

“அத அவன் எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். எனக்கு அது பாக்கிதான். நாளைக்கே வர்றேன், அவன் வாயால சொல்லட்டும்,” என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.