மணலில் உடைந்த மண்டை

"மணல்ல விழுந்தா மண்டை உடையுமாய்யா?"

டியூட்டி டாக்டர் சித்தார்த்தன் போட்ட சத்தத்தில் அந்த அடையாறு நர்சிங் ஹோமே திரும்பிப் பார்த்தது.

எதிரே பொன்னுரங்கம். பெசன்ட் நகர் கடற்கரையில் குடை ராட்டினம் சுற்றுகிறவன். பக்கத்துக் கட்டிலில் அவன் மகள், ஐந்து வயது பொன்மணி, வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு கிடந்தாள்.

"ராட்டினக் குதிரைலேந்து வுழுந்துடுச்சு சார். மெய்யாலுமே."

"ஸ்கேன்ல மண்டை ஓட்டோட அடிப்பக்கம் உடைஞ்சிருக்கு. மணல்ல விழுந்தா இப்படி ஆகாது. நீ குடிப்பியா?"

"எப்பனாச்சும்..."

போதாதா? சித்தார்த்தன் டாக்டர் கோட்டோடு அப்படியே வக்கீலாகிவிட்டான். குடிக்கிறவன் அடிப்பான், அடித்தால் உடையும். கேஸ் முடிந்தது.

"அடிச்சது யாருன்னு சொல்லு. சொன்னாதான் மேல வைத்தியம்."

கட்டிலில் பொன்மணி மறுபடி ஓங்கரித்தாள். பொன்னுரங்கம் அவளையே பார்த்தான்.

"நான்தான் சார் அட்ச்சேன்."

"எதால?"

"கட்டையால சார்."

சித்தார்த்தனுக்குப் புல்லரித்தது. போலீசுக்குப் பேசப் போனை எடுத்தான். அதற்குள் ஸ்கேன் பார்க்கும் பெரிய டாக்டர் பங்கஜம் வந்து, கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார்.

"யாருப்பா இதை உடைசல்னு சொன்னது? விளிம்பு எவ்வளவு வழவழன்னு இருக்கு பாரு! பிறவியிலேயே இருக்கற துவாரம் இது. அபூர்வமா சில குழந்தைங்களுக்கு இருக்கும். பெரும்பாலும் தொந்தரவு கிடையாது. ஆனா மூளைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தா, கிருமி போற வழி இதுவான்னு பார்க்கணும். ஃபைல்ல குறிச்சு வை. வாந்தி விழுந்த அதிர்ச்சில வர்றது, முதல்ல அதுக்கு ஊசி போடு. இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும்."

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி நின்றது. "பசிக்குது நைனா" என்றாள் பொன்மணி.

சித்தார்த்தனுக்கு அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டையும் பொன்னுரங்கத்தின் மேல்தான் இறக்கினான்.

"அடிக்காமலே ஏன்யா அடிச்சேன்னு பொய் சொன்னே?"

பொன்னுரங்கம் மகளின் வாயைத் துடைத்துவிட்டான்.

"வுழுந்துடுச்சுன்னு சொன்னா கேள்வியா கேட்டுக்கினே இருந்தீங்க சார். அட்ச்சேன்னு சொன்னாலாவது புள்ளயப் பாப்பீங்கன்னு நெனச்சேன். அதுக்கும் நீங்க போனைத்தான் எடுத்தீங்க."