நாலு மணிக்குள் முடிக்கவும்

அன்றைக்கும் ரிசப்ஷன் பெண் இருபது நிமிடம் தாமதம். மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். அடுத்த நிமிடமே செகரட்டரியைக் கூப்பிட்டார்.

“ஹெச்.ஆர். ஆபீசருக்கு ஒரு மெயில் எழுதுங்கம்மா. இன்னிக்கு ஒருத்தர வேலைய விட்டு நிறுத்தறோம். அத அவர்தான் சொல்லி முடிக்கணும்.”

“யாரு சார்?”

“பேர் வர்ற எடத்த விட்டுட்டு எழுதுங்க. நான் போட்டு அனுப்பிக்கறேன்.”

செகரட்டரி முதலில் தன் வீட்டைத்தான் நினைத்தாள். வீட்டுக்காரர் வேலையில்லாமல் உட்கார்ந்து எட்டு மாதம்; அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. பிறகு, காலையில் மேனேஜர் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. ரிசப்ஷன் பெண்தான். நல்ல வேளை என்று நினைத்தாள், அப்படி நினைத்ததற்கு வெட்கப்படவும் செய்தாள்.

மேனேஜரின் மெயில் என்றால் அந்த ஆபீசில் தனி மரியாதை. யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்குள் என்று கண்ணாடி மாதிரி இருக்கும். திருப்பி ஒரு கேள்வி கேட்க முடியாது. பதினொரு வருடமாக அதில் ஒரு வரிகூட மேனேஜர் எழுதியதில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

‘நாலு மணிக்குள் முடிக்கவும். மற்றவர்கள் எதிரில் வேண்டாம், கதவைச் சாத்திக்கொள்ளவும். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவும்.’

தண்ணீர் அவளாகச் சேர்த்தது. சின்னப் பெண், பாவம், அழுதுவிடும்.

மேனேஜர் படித்துப் பார்த்தார். “ஏன், எதுக்குன்னு கேட்டா?”

“காரணம் சொன்னா பேச்சு வளரும் சார். யார் கேட்டாலும் காரணம் சொல்ல வேண்டாம்னு ஒரு வரி சேர்த்துடறேன்.”

“அதான் நீங்க வேணுங்கறது. அப்படியே கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்டுக்கு, மூணே முக்காலுக்கு என் மெயில் பாஸ்வேர்ட மாத்தச் சொல்லியும் எழுதிடுங்க.”

எழுதினாள். பெரிய மனிதர்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

மதியம் தன் டிபன் பாக்ஸில் பாதியை ரிசப்ஷன் பெண்ணின் பக்கம் தள்ளினாள். “நேரத்துக்கு வரக் கத்துக்கம்மா” என்றாள்.

நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. மேனேஜருக்கு வந்த மெயில்களைப் பார்க்கலாம் என்றால் திறக்கவில்லை. மாற்றச் சொல்லி எழுதியதே தான்தானே என்று சிரித்துக்கொண்டாள். புது பாஸ்வேர்டை மேனேஜரே அப்புறம் சொல்வார்.

ஹெச்.ஆர். ஆபீசர் அவளுடைய சின்ன அறைக்குள் வந்தார். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். முழங்கையால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

“ரிசப்ஷன் அந்தப் பக்கம் சார்” என்றாள்.

அவர் டம்ளரை அவள் மேசைமேல் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“மொதல்ல தண்ணி குடிங்கம்மா. காரணம் மட்டும் கேக்காதீங்க.”