தழும்பும் தகரக் காரும்

மலேசியாவின் ஸ்கூடாயில் மழை விட்ட சாயங்காலம். முன்வாசல் கூரையின் கீழ் உட்கார்ந்து யூஜின் ஒரு பழைய தகரக் காரைக் கவிழ்த்துப் பிடித்து, கைப்பேசி வெளிச்சத்தில் அதன் அடிவயிற்றைத் தேய்க்கிறார். துரு உதிர்ந்து, ‘ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பது தெரிகிறது. “ஜப்பானா? தோட்டத்து வெள்ளக்காரத் தொர நம்ம தாத்தாவுக்குக் குடுத்தது, நூறு வருசம் இருக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் லா.” எதிரே தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கும் அக்கா கெர்ட்ரூட் சிரிக்கிறார். “தொரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பா சிங்கப்பூர்ல எனக்கு வாங்கியாந்தது.” “உனக்கா? என்னக்கா சாட்சி?” கெர்ட்ரூட் எழுந்து வந்து காரை வாங்கி, தம்பியின் நரைத்த புருவத்துக்கு மேலிருக்கும் தழும்பில் அதன் கூரான முனையை மெல்ல வைக்கிறார். அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. “வாங்கியாந்த அன்னிக்கே புடுங்க வந்த. இதாலயே ஒண்ணு போட்டேன். அப்ப உனக்கு மூணு வயசு.” “அலமாக்!” யூஜின் வியந்துபோய்த் தழும்பைத் தடவிப் பார்க்கிறார். “அப்படின்னா இது என்னைவிட மூணு வயசு எளையது.” பக்கவாட்டுச் சாவியை முறுக்குகிறார். உள்ளே பல்சக்கரம் கரகரத்து விழித்துக்கொள்கிறது. மேசைமேல், இரண்டு தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே காரை வைத்து, அதன் மூக்கை அக்காவின் பக்கம் திருப்பி, கையை எடுக்கிறார்.