பாலிக்கு செக்‌ஷன் டூர்

கேன்டீன் நோட்டீஸ் போர்டில் அதற்குள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மேலே முத்துமணி அண்ணனின் கொட்டை எழுத்து: "பாலி டூர். வர விருப்பமுள்ளவர்கள்."

எனக்கு ரத்தம் கொதித்தது.

எல்லாம் ஆனந்த் செய்த வேலை. லீவு லெட்டரில் உடம்பு சரியில்லை என்று எழுதித் தொலைக்க வேண்டியதுதானே? பெரிய யோக்கியன், 'வெளிநாட்டு டூர்' என்று எழுதியிருக்கிறான். எங்கள் அசெம்பிளி செக்‌ஷனில் ஒருத்தன் டூர் என்று வாய் திறந்தால் போதும், அது எல்லோருக்குமான டூர். ஒகேனக்கல் ஆனாலும் தர்மஸ்தலா ஆனாலும் வேன், அண்டா, கேஸ் அடுப்போடு சூப்பர்வைசர் முத்துமணி அண்ணன்தான் கூட்டிப்போவார்.

இது அந்த டூர் இல்லை.

நானும் ஆனந்தும் நான்கு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். ஹவுஸ் ஓனருக்கு நாங்கள் அண்ணன் தம்பி. கம்பெனிக்கு ரூம்மேட். ஏழே ஏழு நாள் ஒரு பொய்யும் சொல்லாமல் இருந்து பார்க்க ஆசைப்பட்டோம். காலையில் பலகையில் ஏறி அலையில் சறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், சாயங்காலம் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு இடம் தேடி பாகலூர் ரோடு பிரவுசிங் சென்டரில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருப்பேன்! பக்கத்து சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தேட வேண்டும். பாதி நாடுகளில் நம் ஊரைப் போலவே இதற்குத் தண்டனை வைத்திருக்கிறான். கடைசியில் பாலியில் ஒரு விடுதி கிடைத்தது. ஆணும் ஆணும் ஜோடியாக வந்தால் சந்தோஷம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தான். அலைச்சறுக்கும் அவனே சொல்லித்தருவானாம்.

"அந்த விடுதி பிரின்ட் அவுட் எங்கடா?" என்று ஆனந்தைக் கேட்டேன்.

"எந்த லாட்ஜுன்னு முத்துமணி அண்ணன் கேட்டாரு, குடுத்துட்டேன். இங்கிலீஷ்லதான இருக்கு, யாரு படிக்கப் போறா?"

அடப்பாவி! இருபது வருடமாக இங்கிலீஷ் டிராயிங் பார்த்து வேலை வாங்குகிற மனுஷனிடமா?

அண்ணன் கடைசி மேசையில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். டூர் மட்டும் போகவில்லை, வேலையும் வீடும் சேர்ந்து போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனந்தைக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

"ரெண்டு தடவ படிச்சேன் பூபதி" என்றார்.

டீ கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"போர்டுல போட்டத கிழிச்சுடறேன். அவனுங்களுக்கு இந்த வருசமும் ஒகேனக்கல்லே போதும்."

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு மேசைமேல் குனிந்தார். ஐம்பத்தாறு வயது மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ரகசியமாகக் கேட்டார்.

"பெயிண்ட் ஷாப் திம்மராயன் வேற செக்‌ஷன். இருவத்திரெண்டு வருசமா ஒரு டூருக்கும் அவன என்கூட கூட்டிக்கிட்டுப் போக முடியல. எங்களாட்டம் வயசான ஜோடியையும் அங்க சேத்துக்குவாங்களா தம்பி?"