கல் எடை

"மொத்தம் நாப்பது கிராம். அதுல கல் எடை மட்டுமே பன்னெண்டு கிராம்மா!" என்றார் நகைக்கடையில் பழைய நகை வாங்குகிற மதிப்பீட்டாளர், அட்டிகையைத் தராசிலிருந்து எடுத்தபடி.

அம்மாவின் பக்கத்தில் நின்ற மகளுக்குச் சுருக்கென்றது. மாலை நான்கு மணிக்குள் பணம் கட்டாவிட்டால் நர்சிங் கல்லூரியில் அவள் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அம்மாவிடம் மிஞ்சியிருந்தது இந்த ஒரு அட்டிகைதான்.

"கல்லைப் பிரிக்காமலேயே எப்படி சார் எடை சொல்றீங்க?" என்றாள்.

"பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பார்த்தாலே தெரியும்." உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். "தங்கமும் இருபத்திரண்டு காரட் இல்லை, பதினெட்டுதான். நாலுல ஒரு பங்கு செம்பும் வெள்ளியும்."

"சிவப்புக் கல்லு கெம்புன்னு சொன்னாங்களே?" என்று அம்மா அப்பாவியாகக் கேட்டாள்.

"கெம்பா? வெறும் கண்ணாடி! உங்க தலையில யாரோ நல்லா மிளகாய் அரைச்சிருக்காங்க. அந்த மாதிரி கடைக்காரங்களை எல்லாம் சும்மா விடக் கூடாதும்மா."

"விடவே கூடாது தம்பி."

கத்தரிக்காய்க்கே கால் மணி நேரம் பேரம் பேசுகிற அம்மா, இங்கே இவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் சாமி போட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, வேற கடைக்குப் போலாம் வா" என்று கிசுகிசுத்தாள்.

"நீ சும்மா இருடி." அம்மா அவரிடம் திரும்பினாள். "நீங்க சொன்னதை எல்லாம் ஒரு தாள்ல எழுதி, முத்திரை குத்திக் கொடுங்க தம்பி. வீட்டுல கேப்பாங்க."

அவர் சந்தோஷமாக எழுதினார். கல் எடை பன்னிரண்டு, பதினெட்டு காரட், கண்ணாடி. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார். மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா அதை வாங்கிக்கொண்டு, பையிலிருந்து மடித்த பில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். சோபாவில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் படித்தாள்.

"கல் எடை ரெண்டு கிராம். இருபத்திரண்டு காரட். அசல் கெம்பு."

மதிப்பீட்டாளர் முகம் வெளுத்தது. "இது... எந்தக் கடை பில்லு?"

"இதே கடைதான் தம்பி, ஆறு வருஷம் முன்னாடி. ரெண்டு கிராம் மட்டும் கழிச்சுட்டுச் சட்டுன்னு பணத்தைக் கொடுங்க, என் பொண்ணு காலேஜுக்குப் போகணும். இல்லேன்னா முதலாளியைக் கூப்பிடுங்க. அப்போ விக்கிற பக்கம் நின்னது நீங்கதான், ரெண்டு தாள்லயும் உங்க கையெழுத்துதான் இருக்கு!"