காலடிப் பெட்டி

"பழச எல்லாம் நாங்க தோண்டித் துருவ மாட்டோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா ஞானம்பாள் சொன்னதும், பெண்ணின் அப்பா பூதலிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அம்பாசமுத்திரத்து இடம்; கைவிட்டுப் போகக் கூடாது.

"கிட்டார் வாசிப்பீங்களாமே?" என்றான் மாப்பிள்ளை குமரவேல்.

பூதலிங்கத்தின் மகள் சுகிர்தா கிட்டாரோடு மைக் முன்னால் உட்கார்ந்தாள். காலடியில் சின்னப் பெட்டி ஒன்று.

"அது என்னது தாயி?" என்று கேட்டாள் ஞானம்பாள்.

"லூப் பெடல், அத்த. ஒரு தடவை கேட்டதைப் பதிஞ்சு வச்சு, திரும்பத் திரும்பப் பாடும். அதுக்கு மேல நான் வாசிப்பேன்."

மிதித்தாள். ஸ்பீக்கரில் கிட்டார் வரவில்லை, பூதலிங்கத்தின் குரல் வந்தது. காலையில் அவள் மைக்கைச் சோதிக்கும்போது அருகில் வந்து கிசுகிசுத்தது.

"ஏட்டி, மொத கல்யாணத்தப் பத்தி அவங்ககிட்ட மூச்சு விட்ராத!"

"ஐயோ, நிறுத்துட்டீ!" என்று பூதலிங்கம் பதறினார். சுகிர்தாவுக்குக் கால் நகரவில்லை. பெட்டி மறுபடியும் சொன்னது. மூன்றாம் தடவையும் சொன்னது.

குமரவேல் எழுந்து வந்து ஒயரைப் பிடுங்கினான். பூதலிங்கம் தலை நிமிரவே இல்லை.

"ஏம்மா," என்றான் குமரவேல், "கார்ல வரும்போது நீயும் எங்கிட்ட இதையேதான சொன்ன?"